ஃபிரிட்ஜ் வாங்க முடிவெடுத்தது யார்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். சாந்தோமில் குடியிருந்தும் காற்று இல்லை. கடல் எதற்குத்தான் இருக்கிறதோ.

முதல் பூசை முடித்து வந்து துணி ஊறப்போட்டாயிற்று. பாக்கி: இட்லி மாவு, அ. சட்டைகள் இஸ்திரி, ஃபைனான்ஸ் வீடியோ (பாதியில் நிற்கிறது, மூன்று நாளாக).

அ. கடைக்குப் போயாச்சு. (அந்தோணி என்று முழுசாக எழுதச் சோம்பல். கட்டிக்கொண்டு பதினாலு வருஷம் ஆச்சு, ஒரு எழுத்து போதும்.) தி.நகரில் ஆடித் தள்ளுபடி. துணிக்கடை மூன்றாவது மாடி சூப்பர்வைசருக்கு ஞாயிறு ஏது.

கத்தரிக்காய் வாங்கப் போனவள் அத்தையின் மீன் கடைப் பக்கம் ஒதுங்கினேன். என்னைப் பார்க்கவில்லை. சங்கரா மீன் நறுக்கிக்கொண்டே யாரோ ஒரு அம்மாவிடம்:

"எம் புள்ளயும் மருமவளும் ஒரே கிளாசு. எம்.பி.ஏ.வாம். வேலக்கும் போய்க்கினு, வூட்ல இருந்துக்கினே காலேஜும் படிக்கிறாங்கோ. கம்ப்யூட்டர்ல வாத்தியாரம்மா வர்றாங்கோ."

"ரெண்டு பேர்ல யாரு ஃபர்ஸ்ட்டு?"

"அந்தச் சண்ட இன்னும் முடியல."

நேரில் ஒரு நாள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை இந்த அத்தை. உடம்பெல்லாம் பூரித்துப் போனது எனக்கு. கத்தரிக்காய் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை வழக்கம்போல பைக்கில் பாடம். எங்கள் ஏற்பாடு இது: ஒரு வீடியோவை நான் பார்ப்பேன், அடுத்ததை அவர். காலையில் சாந்தோமிலிருந்து நான் வேலை பார்க்கிற அடையாறு ஆஸ்பத்திரி வரை நான் பின்சீட்டிலிருந்து கத்திச் சொல்வேன், சாயங்காலம் அவர் சொல்வார். ஹெல்மெட் வழியாக நுழைந்தது மண்டையை விட்டுப் போகாது. இன்று பட்டினப்பாக்கம் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர்: "நைனா, கொஞ்சம் மெதுவா போ. சிஸ்டர் நல்லா சொல்லித் தர்றாங்கோ." அ. திரும்பி ஒரு சிரிப்பு சிரித்தார் பார், நானே புஸ்தகம் எழுதின மாதிரி.

மதியம் வரை நல்லாத்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் யுனிவர்சிட்டி மெயில். மார்க்கெட்டிங் அசைன்மென்டில் எங்கள் இருவருடையதும் பெரும்பகுதி ஒரே மாதிரி இருக்கிறதாம். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதாகச் சந்தேகம். சனிக்கிழமை தனித்தனியாக வீடியோவில் வந்து விளக்கம் தர வேண்டும். சரியில்லை என்றால் இருவருக்கும் அந்தப் பேப்பர் ரத்து, இந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது.

தயிர்சாதம் அப்படியே மூடி வைத்துவிட்டேன். பில்லிங் செக்‌ஷனில் இன்சார்ஜ் போஸ்ட் காலியாகப் போகிறது. "பி.ஜி. முடிங்க, உங்களுக்குத்தான்" என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அதைவிட, காப்பியடித்தவள் என்ற பேர்.

(மாலை) கேள்வி இதுதான்: ஒரு குடும்பம் ஒரு பொருள் வாங்கிய கதையை எழுதி, முடிவெடுத்தது யார் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யோசித்து வாங்கிய பொருள் ஃபிரிட்ஜ் ஒன்றுதான். நானும் அதையே எழுதினேன், அவரும் அதையே எழுதியிருக்கிறார். மெயிலோடு மஞ்சள் பூசி அனுப்பியிருந்த பகுதியைப் பார்த்தால் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. "மீன் விற்கிற வீட்டில் ஃபிரிட்ஜில் மீனா என்று அத்தை கேட்டார்" என் வரி. "என்று அம்மா கேட்டார்" அவர் வரி. கடையில் அத்தை ஒவ்வொரு கதவாகத் திறந்து மோந்து பார்த்தது வரைக்கும் வார்த்தை பிசகவில்லை. எப்படிப் பிசகும்? பைக்கில் அந்தக் கதையை உதாரணமாக எத்தனை தடவை ஒருவருக்கொருவர் சொல்லியிருப்போம்!

முடிவுரை என்ன எழுதினீங்க என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன். இப்ப பாத்தாதான்மே காப்பி. சனிக்கெழம வரைக்கும் உன்னுத நான் பாக்கல, என்னுத நீ பாக்காத."

சரி என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வானம் மூட்டம், மழை இல்லை.

பைக்கில் பாடம் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பேசினால் எதுவும் காப்பியாகிவிடுமோ என்று பயம். சாந்தோமிலிருந்து அடையாறு இவ்வளவு தூரம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கேஸ் புக் பண்ணணும். மறக்காதே.

ஆகஸ்ட் 7, வியாழன்

அ. கடையில் பர்மிஷன் கேட்டாராம். "ஆடி சனிக்கிழமையில பர்மிஷனா? மூணாவது மாடிய உங்க மாமனாரா பாத்துப்பார்?" என்றாராம் மேனேஜர். கடைசியில், அடுத்த இரண்டு ஞாயிறும் கடை சாத்துகிற வரை நிற்பதாகச் சொல்லி, சனிக்கிழமை மதியம் வரை வாங்கியிருக்கிறார்.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே: "எனக்கு டிகிரி இல்லாட்டியும் மூணாவது மாடி எங்கயும் ஓடிடாது. உனக்குத்தான் இது வேணும்."

எனக்கு வந்ததே கோபம். நேற்றுச் சேர்ந்த சின்னப் பையன்கள் எம்.பி.ஏ. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இவரை 'அந்தோணி, இங்க வாங்க' என்று விரலால் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லித்தானே ஃபீஸ் கட்டினோம். ரசத்தை நங்கென்று வைத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

லேப்டாப் ஒன்றுதான். வெளிச்சம் சரியாக விழுகிற சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரில்தான் ஃபிரிட்ஜ் நிற்கிறது. வேறு வழியில்லை, முதுகுக்குப் பின்னால் ஃபிரிட்ஜோடு உட்கார்ந்தேன். திரையில் ஒரு மேடம், பக்கத்தில் வாய் திறக்காத ஒரு சார்.

முதல் கேள்வியே: "பின்னாடி இருக்கே, அதுதானா?"

"அதேதான் மேடம்."

முடிவெடுத்தது யார் என்றார். மாமியார் என்று எழுதியிருந்தேன், அதையே சொன்னேன். வேண்டாம் என்று சொல்லி ஒரு வருஷம் தடுக்க முடிந்தவர், வேண்டும் என்று சொன்ன அன்றைக்குத்தான் வாங்க முடிந்தது. அப்போது அதிகாரம் யாரிடம்? நன்றாகத்தான் சொன்னேன். குரல் பிசிறவில்லை.

"உங்க கணவர் யாருன்னு எழுதியிருக்கார், தெரியுமா?"

"தெரியாது மேடம். நான் பாக்கல."

அவரை அனுப்பச் சொன்னார்கள். நான் சமையல்கட்டுக்குப் போனேன். கதவுக்குப் பதில் ஸ்கிரீன் துணிதான், எல்லாம் கேட்கும். குழம்பைக் கிளறுகிற மாதிரி நின்றேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

அ. உட்கார்ந்தார். கேள்வி வருவதற்கு முன்பே:

"மேடம், ஒண்ணு சொல்லிடறேன். நான்தான் அவங்களுத பாத்து எழுதினேன். அவங்களுக்குத் தெரியாது. என் பேப்பர மட்டும் கேன்சல் பண்ணிடுங்க."

கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. ஸ்கிரீனை விலக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"பொய் சொல்றார் மேடம்."

"நீங்க வெளிய இருக்கணும்மா."

"போயிடறேன். இத மட்டும் சொல்லிட்டுப் போறேன். நாள் பூரா நின்னுட்டு வந்த கால் வீங்கியிருக்கும். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ஒத்த விரலால ஒவ்வொரு எழுத்தா தட்டினார். நான் பாத்துக்கிட்டே காப்பி போட்டேன். அவரே தன்ன திருடன்னு சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அமைதியாக, "சரி அந்தோணி. பாத்துத்தானே எழுதினீங்க? முடிவெடுத்தது யாருன்னு உங்க மனைவி எழுதியிருக்காங்க?"

அ. முழித்தார். தான் எழுதினதுதானே அவருக்குத் தெரியும். "அவங்க... தானேதான்னு எழுதியிருப்பாங்க. ஜோசுதான் முடிவு பண்ணது." வீட்டில் என்னைக் கூப்பிடுகிற பேர் அப்படியே வாயில் வந்துவிட்டது.

"அவங்க அப்படி எழுதலையே."

எனக்கு விசாரணை, கேமரா எல்லாம் மறந்து போச்சு. "யோவ், நானா முடிவு பண்ணேன்? அத்த மோந்து பாத்து கை காட்டினதத்தானே எடுத்தோம்!"

"பின்ன யாரு, மே? ஒரு வருசமா பேசிப் பேசி எங்கம்மாவ கடை வரைக்கும் நடக்க வச்சது யாரு? கை காட்டினா ஆச்சா? அது முடிவு பண்ணதா நெனச்சுக்கினு கீது, அவ்ளோதான்."

வாசலில் மீன் கூடையோடு அத்தை. எப்போது வந்தாரோ. "நான்தான்டா எடுத்தேன். அதுக்கு இன்னாத்துக்கு கம்ப்யூட்டர் முன்னால கத்திக்கினு கீறீங்கோ?"

அதுவரை பேசாத அந்த சார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மேடமும் சிரித்தார், அடக்கிக்கொண்டு. "எனக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம். முடிவு மெயில்ல வரும். ஆனா அந்தோணி, இனிமே செய்யாத தப்ப ஒத்துக்காதீங்க, அதுவும் பொய்தான்."

திரை அணைந்ததும் கேட்டேன், ஏன்யா அப்படிச் சொன்னே என்று. ஷூ மாட்டிக்கொண்டே, "ஒருத்தராவது கரையேறட்டும்னுதான்." நின்றபடி ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு ஓடினார்.

அழுதேன். ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு அழுதது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மெயில் இல்லை. கேஸ் வந்தது. சாயங்காலம் திடீர் மழை, ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால் அளவு தண்ணீர்.

பைக்கில் இன்னும் மௌனம்தான். ஆனால் வேறு மாதிரி மௌனம். அவர் தோளில் கை வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வந்துவிட்டது!!

"ஒரே நிகழ்ச்சி, இரண்டு தனித்தனி வாதங்கள். இரண்டும் ஏற்கப்படுகின்றன." கீழே மேடம் தன் பங்குக்கு ஒரு வரி: சேர்ந்து படியுங்கள், எழுதும்போது மட்டும் வேறு வேறு அறையில் உட்காருங்கள். மேடம், அறையே ஒன்றுதான்.

மார்க்: அவர் என்னைவிட இரண்டு கூட. பொறாமை கொஞ்சம். பெருமை நிறைய. பக்கத்து கவுன்டர் பெண்ணிடம் சொன்னேன், பார்மசியில் சொன்னேன், லிஃப்ட்டில் முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் "வாழ்த்துக்கள்மா, எந்த வார்டு?" என்றார்.

போன் பண்ணினேன். பின்னால் புடவைக் கூட்ட இரைச்சல். விஷயத்தைக் கேட்டதும் பக்கத்தில் யாரிடமோ, "எம்.பி.ஏ. படிக்கிறேன்டா, ரெண்டாவது செமஸ்டர்" என்று அவர் சொல்வது கேட்டது. இத்தனை நாள் கடையில் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த மனுஷன்.

இப்போது பார்க்கலாமே என்று அவர் அசைன்மென்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். முதல் தடவையாக.

"முடிவெடுத்தவர் என் மனைவி. கடையில் கை காட்டியவர் என் தாய், பணம் கட்டியவன் நான். ஆனால் எங்கள் வீட்டில் எந்தப் பெரிய முடிவும் முதலில் பிறப்பது பைக்கின் பின்சீட்டில்தான். நான் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறேன், அவ்வளவே."

நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப நான் ஒண்ணுமே பண்லியா?" என்று முறைத்துவிட்டு, எழுந்து போய், நறுக்கின வஞ்சிரம் நாலு துண்டை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். இந்த வீட்டு ஃபிரிட்ஜில் முதல் மீன். "நாளைக்கு வறுத்துக்குடு அவனுக்கு. பாஸாயிட்டான் இல்ல."

நானும்தான் பாஸ், அத்தை!

ஆகஸ்ட் 21, வியாழன்

வெயில். காற்று உண்டு.

சாந்தோம் ஹை ரோடு நெரிசல். பட்டினப்பாக்கம் வரை இருவரும் பேசவில்லை. சிக்னலில் அந்த ஆட்டோக்காரர் இருக்கிறாரா என்று பார்த்தேன், இல்லை. திரு.வி.க. பாலம் ஏறும்போது தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஃபைனான்ஸ், யூனிட் மூணு," என்றேன்.

முன்னாலிருந்து: "கேக்கல. சத்தமா சொல்லு."