நாலு சுற்று

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலை வெயில். மூன்று மணிக்கு மழை வரும். இந்த மாதம் தினமும் அப்படித்தான்.

இன்றைய வேலை: ஸ்கூட்டி பழக வருகிற புதியவர்களுக்கு ஒரு பக்க அறிவுரை. முதலாளி உத்தரவு. சிங்களத்தில் இருக்கிறதாம், தமிழில் இல்லையாம். பெண்களுக்குப் பழக்குவது நீதானே, நீயே எழுது என்றார். யாரையும் பயமுறுத்தாமல் எழுத வேண்டுமாம்.

எழுதியது:

1. ஹெல்மெட். பொலிசுக்குக் காட்டப் போடுகிற சட்டி வேண்டாம். தலையை ஆட்டினால் அது தனியாக ஆடக் கூடாது. வாரைப் பூட்டவும். கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது, முடியைத் தாழ்த்திக் கட்டவும்.
2. செருப்பு வேண்டாம். குதி மூடிய சப்பாத்து.
3. சேலை முந்தானை, ஷோல், அபாயா நுனி எல்லாம் சில்லில் சிக்கும். உள்ளே கால்சட்டை போட்டு, நுனிகளைச் செருகிக்கொள்ளவும்.
4. டயர் காற்று வாரம் ஒருமுறை. டயர் வழுக்கையாகிவிட்டால் மாற்ற வேண்டும், கடைக்காரர் இன்னும் ஓடும் என்று சொன்னாலும்.
5. பிரேக்.

ஐந்தாவது எழுதவில்லை. மழை வந்துவிட்டது.

ரிஸ்னா இறந்துபோய் இன்றோடு பதினைந்து நாள்.

ஒக்டோபர் 15, புதன்

மைதானத்தில் நான்கு பேர். ஒருவர் ஆஸ்பத்திரித் தாதி, மூவர் கடையில் வேலை. மூவருக்கும் நிற்கிற வேலை, கால் வீங்கியிருக்கிறது. பழக வருவதற்கு மூவரும் சொன்ன காரணம் ஒன்றே: பஸ்.

ரிஸ்னாவும் அதைத்தான் சொன்னாள். வீடு உக்குவளை, வேலை யட்டவத்தையில். மாத்தளையில் இறங்கி அடுத்த பஸ். அபாயா போட்டிருந்தாலும் நெரிசலில் ஆம்பிளைக் கை வரும். ஷோலில் குத்துகிற ஊசி ஒன்றைத் தனியாகக் கையில் பிடித்துக்கொண்டு போவாளாம். "குத்திக் குத்தி எனக்கே அலுத்துப் போச்சு கலா. ஒரு ஆள் ஸொரி கேட்டுட்டு மறுபடி வந்து நின்னான்." அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். மார்ச் மாதம் பழக வந்தவள். மேயில் லைசன். அதற்குள் சிநேகிதி ஆகிவிட்டாள். ஞாயிறுகளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவாள், நான்தான் பழக்கியவள் என்று மறந்து எனக்கே புத்தி சொல்லுவாள்.

இன்று தேநீர்க் கடையில் ஒருவர், தெரிந்த முகம்: "அந்த உக்குவளைப் புள்ள. பொம்பளைங்களுக்கு சிக்னல் போட்டா போதும், வண்டி தானா திரும்பும்னு நெனப்பு." மற்றவர்கள் சிரித்தார்கள். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவளைப் பற்றிய பொய் எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

தேவை: குடை, போன் கார்ட், அம்மாவுக்கு மருந்து.

ஒக்டோபர் 17, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியை யாரும் பார்க்கப் போவதில்லை.

லைசன் சோதனையில் முக்கியம் எட்டு. தரையில் வெள்ளையாகக் கீறிய எட்டுக்குள் கால் ஊன்றாமல் சுற்ற வேண்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் விழுவார்கள். விழுந்தால் வண்டி கீறும். அதனால் எங்கள் மைதானத்தில் எல்லா வண்டிக்கும் முன் சில்லில் பிரேக் வயர் முடிகிற நட்டை நாலு சுற்றுத் தளர்த்தி வைப்போம். வலது கையால் பிடித்தாலும் ஒன்றும் நடக்காது. இடது கைதான், பின் பிரேக்தான். பழகுகிறவர்களுக்கு வலது கையில் ஒரு பிரேக் இருப்பதே மறந்துபோகும். எட்டு சுற்றுவார்கள், பாஸ். மழையில், இறக்கத்தில் நிறுத்திக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை.

பிறகு சொந்த வண்டி வாங்குவார்கள். முன் பிரேக் கப்பென்று பிடிக்கும். பயந்துபோய் எங்களிடமே கொண்டுவருவார்கள், பழகின வண்டி மாதிரி ஆக்கித் தரச் சொல்லி. ஆக்கிக் கொடுப்போம். அதை ஓர் உதவி என்றுதான் நினைத்தோம்.

ரிஸ்னா ஜூனில் கொண்டுவந்தாள். புது வண்டி, இருக்கையில் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. நானே ஸ்பானர் எடுத்தேன். நாலு சுற்று. அவள் கேட்டாள், "ஆபத்து இல்லையே?" நான் சொன்னேன், "முன் பிரேக்தான் ஆளைத் தூக்கி அடிக்கும். பின் பிரேக் போதும்."

விபத்து நடந்த அன்றைக்கு அவள் யட்டவத்தையிலிருந்து வரும்போது மழை. இறக்கம். முன்னால் போன லொறி திடீரென்று நின்றது. அவள் வண்டியின் பின் சில்லு பூட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ரோட்டில் கறுப்புக் கோடு நீளமாக, ஒன்றே ஒன்று. நான் போய்ப் பார்த்தேன்.

ஹெல்மெட் நல்லது, வார் பூட்டியிருந்தது. சப்பாத்து போட்டிருந்தாள். அபாயா நுனி செருகியிருந்தது. நான் சொன்னதையெல்லாம் செய்திருந்தாள்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வீட்டில் வடை சுட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. போன தீபாவளிக்கு ரிஸ்னாவை எனக்குத் தெரியாது, இந்த வருடம் வருவேன் என்று சொல்லியிருந்தாள். முறுக்கு பிழிய. முறுக்கு பிழியத் தெரியாது அவளுக்கு.

மாலையில் அவளுடைய தங்கை ரிஃப்கா எனக்குப் போன் பண்ணினாள். பத்தொன்பது வயது. வாப்பா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். பெரியப்பா வந்து வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனாராம், பொம்புளப் புள்ளைக்கு ஸ்கூட்டி வாங்க ஓம் சொன்ன வாப்பா ஊரிலேயே நீ ஒருத்தன்தான் என்று. பள்ளிவாசலிலும் அதே பேச்சாம். வாப்பா தனியாக இருக்கும்போது, நான்தான் ஓம் சொன்னேன், நான்தான் ஓம் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"எனக்கும் இனி ஸ்கூட்டி ஒண்ணும் இல்ல. கேட் வரைக்கும்தான் விடுவாங்க," என்றாள்.

பட்டாசுச் சத்தத்தில் நான் அழுதது வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை.

ஒக்டோபர் 22, புதன்

முதலாளி வருவதற்கு முன் மைதானத்து வண்டிகள் எல்லாவற்றிலும் நட்டை இறுக்கினேன். பத்து மணிக்குத் தாதி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வண்டிக் கண்ணாடி உடைந்தது. அவரே சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. காரணம் சொன்னேன், ரிஸ்னாவின் பெயரையும் சொன்னேன்.

கதவைச் சாத்தினார். "உனக்கு பைத்தியமா? எல்லா ஸ்கூல்லயும் செய்யுறதுதான. வெளியில பேசின, பழக்கினது யாருன்னு கேப்பாங்க. நட்ட கழட்டுனது யாரு, நானா?"

இல்லை. நான்தான். அதில் அவர் பொய் சொல்லவில்லை.

நட்டைத் திரும்பத் தளர்த்தச் சொன்னார். மாட்டேன் என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

ஒக்டோபர் 23, வியாழன்

வேலை இல்லை. நல்ல வெயில், துணி துவைத்தேன்.

போனில் பெயர் தேடினேன். நான் நட்டைத் தளர்த்திக் கொடுத்தவர்கள். பதினாலு பேர் நினைவுக்கு வந்தார்கள், மற்றவர்கள் யாரென்று தெரியவில்லை. அதுதான் பயம். போன் போட்டுச் சொன்னேன். ஒன்பது பேர் இறுக்குகிறோம் என்றார்கள். இரண்டு பேர் எடுக்கவில்லை. ஒருவர் வண்டியை விற்றுவிட்டார், யாருக்கென்று தெரியாது. ஒரு டீச்சர், "இப்ப நல்லாத்தான மிஸ் ஓடுது" என்றார். ஓடும் டீச்சர், நிற்காது என்றேன். இன்னொருவருடைய கணவர் போனை வாங்கி என்னை ஏசினார்.

இரவில் ஐந்தாவதை எழுதினேன்:

5. பிரேக். இரண்டு கையும். முன் பிரேக்தான் அதிகம் நிறுத்தும். நேராகப் போகும்போது மெதுவாகப் பிடித்து, பிறகு அழுத்தவும். திடீரென்று இழுக்க வேண்டாம், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கவும். காலையில் வண்டியை எடுக்குமுன் தள்ளிப் பார்த்து, முன்னும் பின்னும் தனித்தனியாகப் பிடித்துப் பார்க்கவும். லீவர் கைப்பிடியைத் தொட்டால் அந்த வண்டியில் ஏற வேண்டாம். எட்டு சுற்றத் தெரிந்தால் லைசன் கிடைக்கும். நிறுத்தத் தெரிந்த பிறகு ரோட்டுக்குப் போகவும். யாராவது நட்டைத் தளர்த்தித் தருகிறேன் என்றால் விடவே வேண்டாம். பழக்கியவளாக இருந்தாலும்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மூடிய வானம். பதினொரு மணிக்கு உக்குவளை. பஸ்ஸில் போனேன், நின்றுகொண்டு. கையில் அந்த அறிவுரைத் தாள், நாலாக மடித்து.

உம்மா உள்ளே படுத்திருந்தார். வாப்பா வெளியே வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. "வாங்க மகள், இருங்க" என்றார். ரிஃப்கா பிளேன்டீ கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை. குடித்தால் சொல்ல முடியாது என்று தெரியும்.

சொன்னேன். ஜூன், ஸ்பானர், நாலு சுற்று, அவள் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். அவளுக்கு ஓட்டத் தெரியாது என்று ஊர் சொல்வது பொய், நீங்கள் ஓம் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, பிழை என் கையில் என்று.

வாப்பா எழுந்து வீட்டுக்குப் பக்கத்தில் போனார். பொலிசிலிருந்து எடுத்து வந்த வண்டி அங்கே தரப்பாளுக்குக் கீழே. ஒரு பக்கம் நசுங்கி. ஹேண்டில் மட்டும் நேராக. "காட்டுங்க," என்றார்.

நட்டைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. வலது பக்க லீவரைப் பிடித்தார். கைப்பிடி வரைக்கும் வந்தது. விட்டார். மறுபடி பிடித்தார். வந்தது. எத்தனை தடவை என்று தெரியாது. ரிஃப்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

"புள்ள இதப் புடிச்சிருப்பாளா மகள்?"

தெரியாது என்றேன். பிடித்திருப்பாள். எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்ல முடியவில்லை.

தரப்பாளைப் போட்டு மூடினார், நான்கு மூலையும் இழுத்து. என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நீங்க இனி இங்க வர வேணாம்."

சரி என்றேன். கேட்டைத் திறந்தேன்.

"கையில என்ன பேப்பர்?"

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்றேன்.

"அத ரிஃப்காட்டக் குடுத்துட்டுப் போங்க."