எல்லா வீட்டிலும் மூன்றரை

செவ்வாய்க்கிழமை

இன்று மதிய வகுப்பில் யமுனாவின் தாளை எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டேன்.

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் புள்ளியியலில் ஒரு வேலை கொடுத்திருந்தேன். அவரவர் தெருவில் முப்பது வீடு ஏறி, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்று கேட்டு வர வேண்டும். வீட்டிலேயே உட்கார்ந்து இஷ்டத்துக்கு நிரப்புகிறவர்கள் எல்லா வருஷமும் உண்டு. யமுனாவின் தாளில் முப்பது வீட்டுக்கும் மூன்றரை. திட்ட விலக்கம் பூஜ்ஜியம்.

"பொய் எழுதக்கூட சோம்பலா?" என்று கேட்டேன்.

மணி அடித்ததும் யமுனா கிழிசல்களைப் பொறுக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

"எங்க தெருவுக்கே ஒரே கொழாதான் மிஸ். மூணரைக்குத்தான் தண்ணி வரும். அல்லாரும் கொடத்த தூக்கினு வந்து நிப்பாங்க."

கொரட்டூர் ஏரிக்கு அந்தப் பக்கம் அவள் தெரு. இந்தப் பக்கம் என் வீட்டில் மோட்டார் போட்டால் தண்ணீர். இப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மன்னிப்பு கேட்டிருக்கலாம். அப்போதும் மிடுக்கு குறையாமல், "இதுல உங்க வீட்டைக் காணோமே?" என்றேன்.

"கணக்கெடுக்கறவங்க தன்ன சேத்துக்கக் கூடாதுன்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க."

கிழிசல்களை வாங்கி வந்து இப்போதுதான் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். முப்பது வரியும் இருக்கிறது.

முதல் பீரியடில் தூங்கி விழுகிறாள் என்று ஜூனிலிருந்து அவளைக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிற்க வைக்கிறேன். ஏன் தூக்கம் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இன்று காலையும் நின்றாள்.