மேசையில் இருந்தவன்

என் கோபக்காரிக்கு,

நீர் தேர்தல் பார்வையாளராக மலாவிக்குப் போய்ப் பத்து நாள். இங்கே எங்கடை வெக்ஸ்போர்ட் வீட்டில் உமது கத்தரிச் செடிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். இரண்டு காய் பிடித்திருக்கிறது.

நேற்றுப் போனில் கொதித்தீர். வாக்களிக்க வந்த ஒரு பெண்ணின் வாக்கை யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார்களாம். மேசையில் இருந்த அலுவலர் தலை நிமிராமலே அவளைத் திருப்பி அனுப்பினாராம். "உவனும் ஒரு மனுசனே?" என்றீர்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் நீரும் அப்படித்தான் வந்து நின்றீர். மேசையில் இருந்தவன் நான். "தங்கச்சி, உங்கடை வோட்டுப் போட்டாச்சு" என்றேன். அன்று நீர் ஏசிய ஏச்சில்தான் உம்மில் விருப்பம் வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சொல்லாதது ஒன்று உண்டு. உமது வாக்கைப் போட்டவனை எனக்குத் தெரியும். அவன் இடுப்பில் குண்டு நிரப்பிய துவக்கு இருந்தது. பட்டியலில் உமது பெயரை வெட்டி, வாக்குச் சீட்டை அவனிடம் நீட்டியது நான்தான்.

அந்த அலுவலரைப் பற்றி அறிக்கையில் எழுதும். எழுத முன், அவருக்குப் பக்கத்தில் யார் நின்றது என்றும் விசாரியும்.

பிறகு வீட்டுக்கு வந்து என்னை ஏசும். இந்த முறை நிமிர்ந்து, உமது முகத்தைப் பார்த்தபடியே கேட்பேன்.

உம்மை அன்று திருப்பி அனுப்பியவன்