பலகை அடித்த ஜன்னல்

786

டன்லப் தெரு, சிங்கப்பூர்
27-3-1962

என் மகள் சாயிரா பானுவுக்கு உம்மாவின் ஸலாம். நாகூரில் நீயும் மருமகனும் பிள்ளைகள் இரண்டும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கையேந்துகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், எத்தனையோ வருடமாக என் மூத்த பிள்ளை, உன் நானா சாகுல் ஹமீது அப்படித்தான் எழுதுகிறான், நானும் பக்கத்தில் உட்கார்ந்து சரி போடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தை அவன் எழுதவில்லை. அவன் கடைக்குப் போன பிறகு நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன், இரண்டு நாளாக எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும், பொறுமையாகப் படி. லுஹர் தொழுதுவிட்டு உன் மாமியார் கண் அசந்த பிறகு தனியாக உட்கார்ந்து படி.

ஹஜ்ஜுக் கப்பல் ஏப்ரல் பதினேழாம் தேதி புறப்படுகிறது. எனக்கும் உன் நானாவுக்கும் இடம் கிடைத்துவிட்டது, அம்மை குத்தியாகிவிட்டது, காலரா ஊசியும் போட்டாகிவிட்டது, இஹ்ராம் துணிகூட வாங்கி வைத்துவிட்டான். ஆனால் டாக்டர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். ரத்தக்கொதிப்பு இருநூற்றுப் பத்து. உப்பை நிறுத்தினேன், கருவாட்டை நிறுத்தினேன், காலையிலும் மாலையிலும் மாத்திரை போடுகிறேன், இறங்கவில்லை. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி மறுபடி பார்ப்பாராம், அன்றைக்கும் இப்படியே இருந்தால் இந்த வருடம் கப்பலை மறந்துவிடு என்று சொல்லிவிட்டார். எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது அல்லாவுக்குத்தான் தெரியும். டாக்டர் கையில் ரப்பர்ப் பட்டையைச் சுற்றிப் பார்த்தபடியே, உங்க மனசுல ஏதாச்சும் பெரிய பாரம் இருக்கா அம்மா என்று கேட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன். அது பொய் என்று அந்த ரப்பர்ப் பட்டைக்கே தெரிந்திருக்கும்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லாரிடமும் பொறுப்புக் கேட்டு, செய்த தப்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ரஜப் மாதத்திலிருந்து கேட்டு வருகிறேன். உன் மதினியிடம் கேட்டேன், அவள் அழுதுவிட்டாள். சோத்துக்கடை நெய்னா முகம்மதுவிடம் கேட்டேன். பால்காரர் வடிவேலுவை நிறுத்தி, ஐம்பத்தொன்றில் நீ பாலில் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று தெருவே கேட்கக் கத்தினேனே, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அட போங்கம்மா, தண்ணி ஊத்துனது நெசந்தானே, நீங்கதான் என்னைப் பொறுக்கணும் என்கிறார். எனக்கு அப்போதே தெரியும், நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இப்படி ஊரில் எல்லாரிடமும் கேட்டு முடித்தேன், ஒருத்தி மட்டும் மிச்சம். அது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. என் கூடப் பிறந்த தங்கச்சி, உன் சாச்சி ருக்கையா. இதே தெருவில் பன்னிரண்டு வீடு தள்ளி இருக்கிறாள், பதினெட்டு வருடமாக நான் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டேன், தப்புச் செய்தது அவள், நான் ஏன் போய்க் கேட்க வேண்டும் என்று. அவர் சொல்லி அனுப்பினார், தப்பு யாருது என்பதை அல்லா பார்த்துக்கொள்வான், பயணம் போறது நீங்கதானே, நீங்கதான் கேக்கணும் என்று. நாலு நாள் அவர்மேலும் கோபமாக இருந்தேன்.

என் கோபம் என்ன கோபம் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. ஜப்பான்காரன் காலம், நாற்பத்து நாலு மாசி மாதம். செவ்வாய்க்கிழமை ருக்கையா குடியிருந்த வீட்டின் முன்மாடியை அவன் அரிசி மூட்டை அடுக்க எடுத்துக்கொண்டான். தெருப் பக்கத்து ஜன்னலுக்குக் குறுக்கும் நெடுக்கும் பலகை அடித்தான், கீழே துப்பாக்கியோடு ஒரு சிப்பாயை நிறுத்தினான். ருக்கையாவும் அவள் புருஷன் ஹனீபாவும் பின்கட்டு அறைக்குப் போனார்கள். நான் வாசலுக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் நின்று அந்த ஆணி அடிக்கிற சத்தத்தைக் கேட்டேன். நாம் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்தோம், இவள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கிறாளே என்று எனக்கு எரிந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வியாழக்கிழமை உன் தம்பி அஹமது கபீருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. நாலு வயதுப் பிள்ளை, பாயோடு சேர்ந்து நடுங்கியது. உன் வாப்பாவும் நானாவும் துறைமுகத்தில் கூலிக்குப் போயிருந்தார்கள். ருக்கையாவிடம் கொயினா மாத்திரை இருப்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் அஸர் நேரத்தில் உன்னை அனுப்பினேன், உனக்கு ஒன்பது வயது. நீ திரும்பி வந்து சொன்ன வார்த்தை ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. உம்மா, சாச்சி மேல ஜன்னல்லேருந்து எட்டிப் பாத்து, இல்லேன்னு கையை ஆட்டிட்டாங்க. அப்படித்தான் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சுபுஹுக்குப் பாங்கு சொல்லும்போது தம்பி போய்விட்டான்.

மையித்து வீட்டுக்கு ருக்கையா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். எங்கிட்ட மாத்திரை இருந்துச்சே லாத்தா, ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கைவிரித்தவள் பிள்ளை செத்த பிறகு என் வாசலிலேயே வந்து நடிக்கிறாள் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. வாயைத் திறக்காதேடி என்று கையைப் பிடித்து வெளியே தள்ளினேன். அப்புறம் ஹனீபா சமாதானம் பேச வந்தார், கேட்கவில்லை. உன் வாப்பா அவள் பேரை எடுத்தால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தேன். ரமலானில் அவள் கொடுத்து அனுப்பிய கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினேன். உன் வாப்பா மவுத்தாகிக் கிடந்தபோது வந்தாள், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உன் கல்யாணத்துக்கு ஒரு செட்டு வளையல் அனுப்பினாள், அதைத் திருப்பி அனுப்பியது உனக்குக்கூடத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகு போனேன். படி ஏறும்போதே மூச்சு வாங்கியது. அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, வழி தவறி வந்துட்டீங்களா லாத்தா, உங்க வூடு அங்குட்டு இருக்கு லா என்றாள். நாக்கு அப்படியே இருக்கிறது. நான் உட்காரவில்லை. ஹஜ்ஜுக்குப் போகிறேன், என் பேரில் ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டு வாய் நிற்கவில்லை, பிள்ளை சாகக் கிடக்கும்போது மாத்திரையைத் தர மாட்டேன் என்றவளிடம் நான் வந்து கேட்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னேன். அவள், ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வச்சீங்க, நான் இல்லேன்னு சொன்னா யாரு நம்பப் போறாங்க, பெத்தவ அழுவுறா, அந்தப் பக்கந்தானே சாய்வாங்க, ஆனா ஒண்ணு கேக்குறேன், என் வாசலுக்கு யாரு வந்து கேட்டா என்றாள். சாயிரா வந்தாள், நீ மேல் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாய் என்றேன். எந்த ஜன்னல் என்றாள். முன்னாலே இருக்கிற ஜன்னல் என்றேன்.

மகளே, ஆணி அடித்தது செவ்வாய்க்கிழமை. நான் உன்னை அனுப்பியது சனிக்கிழமை. இரண்டும் பதினெட்டு வருடமாக என் தலைக்குள் இருக்கின்றன, தினமும் இரண்டையும் எடுத்துப் பார்த்திருக்கிறேன், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கவில்லை. அந்த ஜன்னலில் யாரும் எட்டிப் பார்த்திருக்க முடியாது.

அங்கே நின்றபடியே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்று நீ திரும்பி வந்தபோது உன் பாவாடை நனைந்திருந்தது. எங்கே போய்ச் சேற்றில் விளையாடினாய் என்று திட்டினேன். அந்த வாரம் முழுக்க மழையே இல்லை. நீ அந்தச் சிப்பாய் வரைக்கும் போயிருக்கிறாய், பயத்தில் பாவாடையை நனைத்திருக்கிறாய், அவனைத் தாண்ட முடியவில்லை. அவ்வளவுதானே நடந்தது?

ருக்கையாவிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா. சாயிராவை நான் அனுப்பவே இல்லை, நானாகத்தான் கட்டிச் சொன்னேன், பழி போட ஒரு ஆள் வேண்டியிருந்தது என்று சொன்னேன். ஹஜ்ஜுக்குப் போகிறவள், பொறுப்புக் கேட்கப் போன இடத்தில், பொய் சொன்னேன். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. பதினெட்டு வருசம் கழிச்சு வந்து இதச் சொல்றீங்களே, நல்லா இருக்கு என்றாள். கப்பல் ஏறணும்ல, அதுக்காவ பொறுத்தேன்னு சொல்றேன், போயிட்டுத் திரும்பி வாங்க, மிச்சத்தை உக்காந்து சண்ட போடலாம் என்றாள். எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

அவளிடம் கேட்டுவிட்டால் கொதிப்பு இறங்கும் என்று இருந்தேன். நேற்று திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன், இருநூற்று இருபது. டாக்டருக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கேட்க வேண்டியவள் இங்கே இல்லை, நாகூரில் இருக்கிறாள்.

உன்னை நான் குற்றம் சொல்வதாக எண்ணாதே. இந்த வரியை இரண்டு தரம் படி. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சிப்பாய் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று முகத்தில் கரி பூசிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தேன். நான் போகப் பயந்த வாசலுக்கு ஒன்பது வயதுப் பிள்ளையை அனுப்பினேன். பன்னிரண்டே வீடு, என் காலால் நானே நடந்திருக்கலாம். அப்புறம் ருக்கையாவைத் திட்டுவதிலேயே பொழுதைக் கழித்தேன், அவளைத் திட்டுகிற வரைக்கும் நான் ஏன் போகவில்லை என்று என்னை நானே கேட்க வேண்டியிருக்கவில்லை. நீயோ மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். மையித்து வீட்டில் அவள் அழுதபோதும் நீ அங்கேதான் நின்றாய், கதவுக்குப் பக்கத்தில், வாயில் தலைத்துணி முனையை வைத்துக் கடித்துக்கொண்டு. உண்மையைச் சொல்ல உனக்கு நான் இடம் விட்டேனா? ஒரு நாளும் விடவில்லை. டாக்டரிடம் யாரோ பிள்ளைக்கு நடந்தது மாதிரி கேட்டேன், மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு கொயினா கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று. சொல்ல முடியாது, பிழைத்தாலும் பிழைத்திருக்கும், இல்லை என்றாலும் இல்லை என்றார். அதற்குமேல் யாருக்கும் தெரியாது, உனக்கும் எனக்கும் தெரியாது.

சிங்கப்பூரிலேயே மூன்று மாப்பிள்ளை வந்தும் ஊரில்தான் வேண்டும் என்று நீ ஏன் பிடிவாதம் பிடித்தாய், பத்து வருடமாக ஏன் ஒரு தடவைகூட வரவில்லை, என் கடிதத்தில் ருக்கையாவைத் திட்டி எழுதும்போதெல்லாம் அதற்கு மட்டும் ஏன் பதில் வராது என்று இப்போதுதான் புரிகிறது. உன் தலைவலிக்கு நாகப்பட்டினத்தில் பார்த்தாய், மதராஸுக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தாய், ஒன்றுமில்லை என்றார்கள். தர்காவில் நாற்பது நாள் தங்கினாய், கை நிறையத் தாயத்துக் கட்டினாய், தூக்கம் வரவில்லை என்கிறாய். டாக்டர் கொடுக்கிற மாத்திரையை நிறுத்தாதே, வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் தேத்தண்ணி குடிக்காதே. ஆனால் தாயத்தை விட்டுவிடு. உள்ளே ஒன்றை வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே கட்டி என்ன ஆகப் போகிறது, என் உடம்பில்தான் பார்த்தேனே. தொழுதுவிட்டு எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் உட்கார், அன்றைக்கு நடந்ததை உன் வாயால் அல்லாவிடம் சொல். சத்தமாக வேண்டாம், உதடு அசைந்தால் போதும். நான் சனிக்கிழமை முதல் அப்படித்தான் செய்கிறேன். கொதிப்பு இறங்கவில்லை, ஆனால் நேற்று ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். உன் உம்மா உன்னிடம் பொறுப்புக் கேட்கிறேன், சாயிரா. உன்னை அங்கே அனுப்பியதற்கு. நனைந்த பாவாடைக்குத் திட்டியதற்கு. நீ சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அதை உன்னால் திரும்ப எடுக்கவே முடியாதபடி பண்ணியதற்கு. மூன்றுக்கும் பொறுத்துக்கொள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். பதில் கடிதத்துக்கு நாள் இல்லை, பன்னிரண்டாம் தேதிக்கு முன்னால் ஒரு தந்தி கொடு. தபாலாபீசில் நாலு பேர் படிப்பார்கள், அதனால் விவரம் ஒன்றும் வேண்டாம், உம்மா போங்க என்று இரண்டே சொல் போதும். மனசு வரவில்லை என்றால் கொடுக்காதே, பயந்துகொண்டு கொடுக்காதே, ஒரு தடவை பயந்து நீ பட்டது போதும். தந்தி வராவிட்டால் நான் கோபம் வைக்க மாட்டேன். இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், என் குணம் உனக்குத் தெரியும், ஆனாலும் அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.

ருக்கையாவிடம் நான் சொன்ன பொய் என் கணக்கில் இருக்கட்டும். அதை எடுப்பதும் விடுவதும் உன் விருப்பம், அவசரம் இல்லை. அவளுக்கு இப்போது முட்டிவலி, நாள் முழுக்கப் பின்கட்டு அறையில்தான் இருக்கிறாள், கடிதம் போட்டால் படித்துக் காட்ட ஆள் வைத்துக்கொள்வாள்.

மருமகனுக்கு என் ஸலாம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். பெரியவளுக்கு ஒன்பது வயது ஆகப் போகிறது என்று எழுதியிருந்தாய், அவளைக் கடைக்குத் தனியாக அனுப்பாதே, நீ கூடப் போ. அல்லா உனக்கு நல்ல தூக்கத்தையும் லேசான மனசையும் தரட்டும்.

கப்பலில் ஏறினாலும் ஏறாவிட்டாலும்
உன் உம்மா
சம்சுன்னிசா

தந்தி விலாசத்தில் உன் நானா பேரைப் போடாதே, என் பேரைப் போடு. பன்னிரண்டாம் தேதி வரைக்கும் தந்திக்காரன் மணிச் சத்தம் கேட்டால் நானேதான் வாசலுக்குப் போவேன்.