ஒன்றாம் நம்பர் பொத்தான்

பிப்ரவரி 4
யார் யார் என்ன நிகழ்ச்சி பார்க்கிறார்கள் என்று பதிவு செய்கிற பெட்டியை டி.வி.யோடு மாட்டிவிட்டுப் போனார் மெக்கானிக். அதற்கென்று தனி ரிமோட். ஒன்று நான், இரண்டு இவர். பார்க்க உட்கார்ந்தால் அவரவர் பொத்தானை அமுக்க வேண்டும், எழுந்தால் மறுபடியும். "வெளியில யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா" என்றார். பக்கவாதத்தில் வலது கை காலோடு பேச்சும் போய்க் கிடக்கிற மனுஷன் யாரிடம் சொல்லப் போகிறார்?

ஏப்ரல் 19
பொத்தானை அமுக்கினால் பெட்டி கீச்சென்று கத்துகிறது. இவர் கண்டுபிடித்துவிட்டார். என்னைக் கூப்பிட என் பொத்தான். தண்ணீர் வேண்டுமா, ஒன்று. புரண்டு படுக்க வேண்டுமா, ஒன்று. நான் அடுப்படியிலிருந்து ஓடி வர வேண்டும். இன்று பதினான்கு தடவை. "என்னை என்ன காலிங் பெல்லுன்னு நினைச்சீங்களா?" என்று கத்தினேன். வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது.

ஜூன் 30
எட்டு மணி சீரியலில் மூத்த மருமகளை மூன்று மாதமாக வீட்டைவிட்டுத் துரத்திக்கொண்டே இருக்கிறாள் மாமியார். ஊரே அழுகிறதாம். இவரும் அழுதார். படுக்கை விரிப்பு மாற்றும்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதே, அதற்கு யாரும் அழவில்லை.

ஆகஸ்ட் 21
ஊரெல்லாம் பேசுகிற போலீஸ் படம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. தையல்கடை அக்கா இரண்டு தடவை பார்த்துவிட்டாள். "மூணு மணி நேரம்டி. மனுஷன் எங்க ஓடிடப் போறார்?" நாளைக்கு மதியக் காட்சி. இவரிடம் கேட்டேன். தலையாட்டினார். நான் கேட்ட தோரணைக்கு வேறென்ன செய்வார்?

ஆகஸ்ட் 23
போய்விட்டார். நேற்று. நான் வருவதற்குள்.

ஆகஸ்ட் 26
மகள் வந்ததிலிருந்து ஒரே கேள்வி. "நீ பக்கத்துலதானே இருந்த?"
இருந்தேன் என்றேன்.
"கஷ்டப்பட்டாராம்மா?"
தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதை எப்படிக் கெடுப்பது?

செப்டம்பர் 12
பெட்டியைக் கழற்ற அதே மெக்கானிக். அன்றைக்கு மதியம் என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்டேன். காட்டக் கூடாது என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.
"ஒண்ணாம் நம்பர் ஏம்மா இப்படி வந்து வந்து போகுது? மூணு அம்பதுல இருந்து நாலு அஞ்சு வரைக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தீங்களா?"
நான் வீட்டுலயே இல்லையே. இன்டர்வெல்ல ஐஸ்கிரீம் தின்னுட்டு நின்னேனே — பாவி, பாவி. நாற்பத்தொரு தடவை கூப்பிட்டிருக்கார்.
இரண்டாம் நம்பர், நான் வந்து டி.வி.யை அணைத்த ஆறு மணி வரை பார்த்துக்கொண்டிருந்ததாகப் பதிவு.

டிசம்பர் 28
மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். பத்திரிகையில் இந்த வருடத்துப் பட்டியல். சீரியலில் எட்டு மணி சீரியல் முதலிடம், படத்தில் போலீஸ் படம். "இன்னிக்கு டி.வி.ல போடறாங்கம்மா. நீதான் எங்கயும் போறதே இல்ல, சேர்ந்து பார்ப்போம்." மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.
ஸ்டேஷன் தீப்பிடிக்கிற இடத்தில், "இங்கதான் இன்டர்வெல் விடுவான்" என்று என் வாய் சொல்லிவிட்டது.
அவள் மெதுவாகத் திரும்பினாள். "நீ எப்பம்மா பார்த்த?"
சொன்னேன். நாற்பத்தொன்றையும் சொன்னேன்.

டிசம்பர் 29
விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நான்கு நாள் லீவு பாக்கி. வாசல் வரை பின்னாலேயே போனேன். எப்போதும் போயிட்டு வரேன் என்பவள், "போறேன்" என்றாள்.