அப்பா போட்ட கையெழுத்து

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. பிரான்சுக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் சுகமில்லை. ஒற்றை அறை வீட்டில் போனில் அழுதால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அப்பா வாயில் இருக்கிற புற்றுக்கு ஊசி போட்டு, நாலு நாள் கழித்துக் கட்டி மேல் சிவப்பு விளக்கு காட்டினார்களே, கட்டி பாதி கரைந்திருக்கிறதாம். ஆனால் வெளிச்சம் பட்டால் சுடுகிற அந்த மருந்து உடம்பெல்லாம் நிற்கும், ஒரு மாதம் வெயிலே படக்கூடாது என்றார்கள். நானும் ஜன்னலில் போர்வை கட்டிக் காவல் இருந்தேன். ஒன்பதாம் நாள் நான் மீன் விற்கப் போன நேரம், வலை நிறைய மத்தி என்று கரையில் சத்தம் கேட்டு மனுஷன் எழுந்து போய்விட்டார். நாற்பது வருஷம் வெயிலில் கிடந்த உடம்புக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார். முகம், கையெல்லாம் கொப்புளம், தேவி. திட்டினேன், பிறகு நானே அழுதேன். இன்னொரு தடவை ஊசி போடாவிட்டால் கட்டி தொண்டைக்கு இறங்கிவிடும் என்கிறார் டாக்டர். அப்பாவோ, இன்னொரு மாசம் இருட்டுல கெடக்கறதுக்குக் கடல்லயே போயிடறேன் என்கிறார்.

நீ அங்கே கண்ணுக்குத் தெரியாத துகள் செய்கிறாயே, அது மருந்தைச் சுமந்துகொண்டு கட்டிக்குள் மட்டும் போகும், வெயிலுக்குப் பயப்பட வேண்டாம் என்றாயே. கேட்டால் இப்போது எலிக்குத்தான், மனுஷருக்கு வர வருஷக்கணக்காகும் என்கிறாய். எலிக்குக் கிடைப்பது உன்னைப் பெற்றவருக்குக் கிடைக்கக் கூடாதா? உன் மேல் கோபம் கூட வருகிறது, மனதில் வைத்துக்கொள்ளாதே. இங்கே ஆஸ்பத்திரியில் எது செய்தாலும் முதலில் கையெழுத்துதான் கேட்கிறார்கள். உன் மருந்தும் அதற்காகத்தான் நிற்கிறதோ என்று அப்பா பேரில் நானே ஒரு தாள் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். என் உடம்பில் சோதித்துப் பார்க்கச் சம்மதம், என்ன நடந்தாலும் யார் மேலும் குற்றமில்லை, இப்படிக்கு இருசப்பன் என்று. உன் புரொபசரிடம் காட்டு. வெட்கப்படாமல் காலில் விழு.

அம்மன் உன்னை நூறு வருஷம் நன்றாக வைத்திருக்கட்டும். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. தாளைப் படித்துக் காட்டியபோது அப்பா ஒன்றுதான் கேட்டார், இதனால புள்ள வேலைக்கு ஒண்ணும் வந்துடாதே என்று. இருட்டிலேயே தடவிப் போட்டார், கோணலாகத்தான் இருக்கும். அது அவர் கையெழுத்துதான் என்று மறக்காமல் சொல், நீ சொன்னால் நம்புவார்கள்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகக் கண் விழித்திருக்கும் அம்மா
கமலவேணி