இவருடைய தலைமுடி

22 ஜனவரி 1948, மல்லேஸ்வரம்

இவர் தலைமுடி காதை மூடிவிட்டது. தாடியும் பரதேசி மாதிரி. ஆபீசில் கேலி பண்ணுகிறார்களாம். பண்ணட்டும். கர்ப்பிணியின் புருஷன்மேல் கத்தி படக்கூடாது. போன இரண்டு தடவையும் இதை நாங்கள் லட்சியம் பண்ணவில்லை. இரண்டும் ஏழாம் மாதத்தில் போயின. இப்போது ஆறு நடக்கிறது. இந்தத் தடவை நான் விடுவதாக இல்லை.

30 ஜனவரி

ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். காந்தியைச் சுட்டுவிட்டார்கள். இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அடுப்பு மூட்டவில்லை.

31 ஜனவரி

மாமனார் மகாராஜா போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். காங்கிரஸ்காரர்களைப் பிடித்து லாரியில் ஏற்றினவர். போன வருஷம் மகாராஜா ஆட்சியை எதிர்த்து நடந்த ‘மைசூர் சலோ’வில் கோஷம் போட்டு இவர் உள்ளே போனபோது பிள்ளையின் முகத்திலேயே விழிக்கவில்லை. இன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு மீசையை நீவிக்கொண்டே இருந்தார். அவர் மனசில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது?

3 பிப்ரவரி

பயந்தது நடந்துவிட்டது. அஸ்தி கரைக்கிற அன்று, பன்னிரண்டாம் தேதி, இவர் மொட்டை போட்டுக்கொள்ளப் போகிறாராம். சாங்கி ஏரிக்கரையில், சிநேகிதர்களோடு.

“நான் இப்படி இருக்கறச்சே போட்டுக்கப்படாது” என்றேன்.

“தகப்பன் போனா போட்டுக்கலாம்னு சாஸ்திரமே சொல்றது, ஜகதா. அவர் எனக்குத் தகப்பன்தான்.”

மாமனார் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். காதில் விழாமல் இருக்குமா?

“அப்போ நான் யாருடா? இன்னும் உசிரோடதானே இருக்கேன்?”

குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

7 பிப்ரவரி

அப்பாவும் பிள்ளையும் பேசுவதில்லை. மாமியார் வேண்டாத தெய்வமில்லை. காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை — மத்தியானம் ஒரு உதை. உட்கார்ந்து அழுதேன். நான் என்ன காந்திக்கு விரோதியா? பள்ளிக்கூட நாளில் அவர் நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தவள்தானே? ஆனா எனக்கு இந்தக் குழந்தை வேணும். வேற ஒண்ணும் தெரியலை.

11 பிப்ரவரி

நாளைக்கு. மறுபடியும் கெஞ்சினேன். “ஆத்துக்கு ஒருத்தர் மொட்டை போட்டுக்கறதுன்னு பேச்சு. எங்காத்துலேர்ந்தும் ஒருத்தர்னு வாக்குக் குடுத்துட்டேன். எப்படிப் பின்வாங்கறது?” என்கிறார்.

12 பிப்ரவரி

இவர் கிளம்புகிறபோதே மாமனாரைக் காணோம். இவர் படி இறங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டார், ஈர வேஷ்டியோடு. தலை மழுங்க வழித்திருந்தது. மீசை — கல்யாணத்திலிருந்து மாமியார் பார்த்த மீசை — அதுவும் இல்லை. யாரோ வேற்று மனுஷர் என்று மாமியார் உள்ளே போகப் பார்த்தாள்.

“எங்கப்பா போய் எத்தனையோ வருஷமாச்சு. எனக்குத் தடை ஒண்ணும் இல்லை” என்றார். “உன் சிநேகிதாள்ட்ட சொல்லியாச்சு, நம்மாத்துக்கு நான்னு. நீ பொண்டாட்டியைப் பாத்துக்கோ.”

இவர் “அப்பா” என்றார்.

“குழந்தைக்காகப் பண்ணிண்டேன். அந்தக் கிழவருக்காக இல்லை.”

எனக்கு உயிர் வந்தது. ராத்திரி இலை போட்டேன். திவச நாள் மாதிரி, இன்றைக்கு ஒரு வேளைதான் என்று மாமனார் எழுந்து போய்விட்டார்.

20 ஜூன்

அம்மா வீட்டிலிருந்து குழந்தையோடு வந்து சேர்ந்தேன். பெண். நன்றாக இருக்கிறாள். இவர் கிராப்பு வெட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். மாமனார் தலையில் நரைமுடி பழையபடி வளர்ந்துவிட்டது. குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். மேலுதடு வெறுமையாக இருந்தது.

மீசை என்ன ஆச்சு என்று மாமியாரிடம் மெல்லக் கேட்டேன்.

“தினம் காலம்பர அவரே வழிச்சுடறார்” என்றாள். “நான் ஏன்னு கேக்கலை. நீயும் கேக்காதே.”